விட்ட தூரிகையைத் தொடுதல்: எண்ணெய் வண்ணத்துக்குத் திரும்புவோருக்கு

திரும்பி வருபவரிடம் இருப்பதும் இல்லாததும்

பள்ளி நாள்களில் ஆசையாக ஓவியம் வரைந்துவிட்டு, படிப்பு, வேலை, குடும்பம் என்று இருபது முப்பது ஆண்டுகள் தூரிகையைத் தொடாமல் இருந்தவர் எண்ணெய் வண்ணத்துக்குத் திரும்பும்போது முதலில் சந்திப்பது ஏமாற்றத்தைத்தான். வரைந்த முதல் படம் மனத்தில் இருந்ததற்குப் பக்கத்தில்கூட வருவதில்லை. "டச் விட்டுப் போச்சு" என்று சொல்லிக்கொண்டு பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிடுவோர் பலர்.

உண்மையில் கைவிட்டுப் போனது குறைவு. இடைப்பட்ட ஆண்டுகளில் நல்ல படங்கள், திரைப்படங்கள், அச்சுப் பிரதிகள் எத்தனையோ பார்த்துக் கண் வளர்ந்துவிட்டது. கையோ பதினான்கு வயதில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அன்று திருப்தி தந்த படம் இன்று அதே தரத்தில் வந்தாலும் திருப்தி தராது. கண்ணுக்கும் கைக்கும் இடையே விழுந்த இந்த இடைவெளியைப் பயிற்சியால் குறைக்கலாம். அதற்கு முதல் சில மாதங்களில் படத்தின் அளவு, வண்ணங்களின் எண்ணிக்கை, எதிர்பார்ப்பு மூன்றையும் சுருக்கிக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயத்தில் வரும் யோசனைகள் அனைத்துக்கும் இதுவே அடிப்படை.

பழைய பயிற்சியின் தன்மையையும் தெரிந்துகொள்வது நல்லது. பள்ளிப் பருவத்தில் பெரும்பாலோர் வரைந்தது இன்னொரு படத்தைப் பார்த்துத்தான்: காலண்டர் சாமி படம், வாழ்த்து அட்டை, வார இதழின் அட்டை. கட்டம் போட்டுப் பெரிதாக்கி, வண்ணம் தீட்டுவதே வழக்கம். இது கைக்குப் பொறுமையும் அளவுணர்வும் தந்திருக்கும். ஆனால் எதிரே இருக்கும் பொருளைப் பார்த்து, அதன் ஒளியையும் நிழலையும் தட்டையான பரப்பில் கொண்டுவரும் பழக்கத்தைத் தந்திருக்காது. ஆகவே திரும்பி வருபவர் விட்ட இடத்தில் தொடர்வதைவிட, அன்று தொடாத இந்தப் பகுதியிலிருந்து தொடங்கினால் வேகமாக முன்னேறுவார்.

வயது தடையல்ல என்பதற்கு அமெரிக்காவின் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ் (1860–1961) தெளிவான சான்று. சிறுவயதில் பழச்சாற்றை வண்ணமாகக் கொண்டு நிலக்காட்சிகள் வரைந்தவர்; பிறகு வாழ்நாளின் பெரும்பகுதியைப் பண்ணை வேலையில் கழித்தார். மூட்டுவலியால் ஊசி பிடித்து எம்பிராய்டரி செய்ய முடியாமல் போனபோது, எழுபது வயதைக் கடந்த பின் தூரிகையை எடுத்தார். 1938இல் ஒரு மருந்துக்கடையில் வைக்கப்பட்டிருந்த அவருடைய படங்கள் ஓர் ஓவியச் சேகரிப்பாளரின் கண்ணில் பட்டன. 1940இல் நியூயார்க்கில் தனிக் கண்காட்சி நடந்தது. 'கிராண்ட்மா மோசஸ்' என்று உலகம் அவரை அறிந்தது அதன் பிறகே.

பழைய பெட்டியைச் சோதித்தல்

வீட்டில் பழைய பெட்டி இருந்தால், புதிதாக வாங்குவதற்கு முன் அதைப் பார்த்துவிடலாம். எண்ணெய் வண்ணம் காற்றுப் படாத வரை கெடுவதில்லை. டியூபை அழுத்தினால் உள்ளே மெத்தென்று இருந்தால், அது எத்தனை ஆண்டு பழையதானாலும் பயன்படும். மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் பலமாகத் திருகக் கூடாது. கழுத்துப் பகுதி கிழிந்துவிடும். மூடியை மட்டும் ஓரிரு நிமிடம் வெந்நீரில் பிடித்து, துணியைச் சுற்றி மெதுவாகத் திருப்ப வேண்டும். வாயில் எண்ணெய் பிரிந்து நின்றால் அதைக் காகிதத்தில் வடித்துவிட்டுப் பயன்படுத்தலாம். கல்லாக இறுகிய டியூபை எதைக் கொண்டும் மீட்க முடியாது.

டர்பன்டைனுக்கு ஒரு சோதனை உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டுக் காயவிட வேண்டும். தடமின்றிப் பறந்துவிட்டால் நல்லது. பிசுபிசுப்பான மஞ்சள் கறை நின்றால் அது கெட்டது. அதைக் கலந்த வண்ணம் சரியாக உலராது. குழம்புப் பதத்துக்குக் கெட்டியான லின்சீட் எண்ணெயையும் ஒதுக்கிவிடலாம். முடி விறைத்துப்போன தூரிகைகளை மீட்க முயல்வதைவிடப் புதிது வாங்குவதே லாபம். பழைய டியூபில் 'ஃபிளேக் ஒயிட்' என்று இருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

அன்று வரைந்த படங்கள் கிடைத்தால் அவற்றின் மேல் புதுப் படம் தீட்டக் கூடாது. பழைய தூரிகைத் தடங்கள் மேலே தெரியும் என்பது ஒரு காரணம். அன்றைய பலமும் பலவீனமும் அவற்றில்தான் பதிவாகியிருக்கின்றன என்பது இன்னொரு காரணம்.

எண்ணெய் வண்ணம் உலரும் விதம்

நீர்வண்ணம் தண்ணீர் ஆவியானதும் உலர்ந்துவிடுகிறது. எண்ணெய் வண்ணத்தில் ஆவியாவது ஒன்றுமில்லை. நிறமித் தூளைப் பிணைத்திருக்கும் எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று, வேதிமாற்றம் அடைந்து, கெட்டியான படலமாகிறது. எல்லா எண்ணெயும் இப்படி மாறாது. அயோடின் எண் எனப்படும் அளவு எந்த எண்ணெயில் அதிகமோ அது உலரும். ஆளி விதையிலிருந்து எடுக்கும் லின்சீட் எண்ணெய்க்கு இது ஏறத்தாழ 170க்கு மேல். நல்லெண்ணெய்க்கு 110ஐ ஒட்டி. தேங்காய் எண்ணெய்க்கு 10ஐ ஒட்டி. அதனால்தான் வண்ணத்தில் தேங்காய் எண்ணெய் கலந்தால் ஆண்டுக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். தூரிகை கழுவ மட்டும் அது உதவும்.

ஹார்டுவேர் கடையில் கதவு, ஜன்னலுக்கென விற்கும் லின்சீட் எண்ணெயில் பெரும்பாலும் உலர்த்திகள் சேர்த்திருப்பார்கள். அது விரைவில் கருக்கும். ஓவியத்துக்கென்று சுத்திகரித்து விற்பதையே வாங்க வேண்டும். எனாமல் பெயின்ட்டுக்கான தின்னரையும் தொடக் கூடாது.

அடுக்கடுக்காகத் தீட்டும்போது இரண்டு விதிகள் கட்டாயம். முதலாவது, அடி அடுக்கில் எண்ணெய் குறைவாகவும் மேலே செல்லச் செல்லக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாக உலர்ந்து, நெகிழ்ந்து கொடுக்கும். அதன் மேல் வேகமாக உலரும் வறண்ட அடுக்கு அமர்ந்தால், அடியில் நடக்கும் அசைவைத் தாங்காமல் வெடிக்கும். இரண்டாவது, மெல்லிய பூச்சின் மேல் தடித்த பூச்சு வரலாம்; மாறி வரக் கூடாது. அக்ரிலிக் பூச்சின் மேல் எண்ணெய் வண்ணம் தீட்டலாம். எண்ணெயின் மேல் அக்ரிலிக் ஒட்டாது.

உலரும் நேரம் நிறமிக்கு நிறமி மாறும். பர்ன்ட் அம்பரில் மாங்கனீசு இருப்பதால் மெல்லிய பூச்சு ஓரிரு நாளில் கைக்கு ஒட்டாது. டைட்டானியம் ஒயிட்டுக்கு ஒரு வாரம் வரை ஆகலாம். ஐவரி பிளாக், காட்மியம் வகைகள், அலிசரின் கிரிம்சன் ஆகியவை இன்னும் தாமதிக்கும். எனவே அடி அடுக்குக்கு அம்பர் ஏற்றது. ஐவரி பிளாக் ஏற்றதல்ல.

வாங்க வேண்டியவை

இருபத்து நான்கு வண்ணப் பெட்டியின் கவர்ச்சிக்கு ஆட்படாமல் இருப்பது முதல் சிக்கனம். தொடக்கத்துக்கு ஆறு டியூப் போதும்: டைட்டானியம் ஒயிட், லெமன் யெல்லோ, யெல்லோ ஆக்கர், பர்ன்ட் அம்பர், ஓர் அடர்சிவப்பு, அல்ட்ராமரின் புளூ. வெள்ளை மற்றவற்றைவிட இரு மடங்கு செலவாகும். அதை மட்டும் பெரிய டியூபாக வாங்கலாம்.

டியூபின் மேல் நிறமியின் குறியீடு அச்சிட்டிருக்கும். பெயரைவிட இதுவே நம்பத்தக்கது. அல்ட்ராமரின் என்றால் பி.பி. 29, டைட்டானியம் ஒயிட் என்றால் பி.டபிள்யூ. 6. ஒரே குறியீடு இருந்தால் தனி நிறமி. மூன்று நான்கு இருந்தால் கலவை. கலவைகளை மேலும் கலந்தால் நிறம் சேறாகும். அசல் அலிசரின் கிரிம்சன் (பி.ஆர். 83) வெளிச்சத்தில் வெளிறிப்போகக்கூடியது, அதற்குப் பதிலாகக் குவினக்ரிடோன் நிறமியில் செய்த சிவப்பை வாங்குவது நல்லது. பெயரோடு 'ஹியூ' என்று சேர்ந்திருந்தால், விலை உயர்ந்த நிறமிக்குப் பதில் வேறொன்றைக் கொண்டு அந்த நிறத்தை ஒத்திருக்கச் செய்தது என்று பொருள். பயிற்சிக்கு அது போதும். கேமல் போன்ற உள்நாட்டு வண்ணங்கள் சிறு டியூபிலிருந்து கிடைக்கின்றன. பழகும் காலத்தில் தாராளமாகப் பிதுக்க மனம் வருவதற்கு மலிவான வண்ணமே உதவும்.

தூரிகையில் பன்றி முடியால் ஆன பட்டைத் தூரிகை பெரிதும் நடுத்தரமும் ஒவ்வொன்று, முனை வளைந்த ஃபில்பர்ட் ஒன்று, மென்மையான சிந்தெடிக் உருளைத் தூரிகை ஒன்று என நான்கு போதும். சிறு தூரிகையில் தொடங்குவது திரும்பி வருவோரின் பொதுவான பழக்கம். படத்தின் பெரிய பகுதிகளைப் பார்க்காமல் நுணுக்கத்தில் சிக்கவைப்பதும் அதுவே. கலப்பதற்கும் சுரண்டுவதற்கும் ஒரு பேலட் நைஃப் வேண்டும்.

பரப்புக்கு 8×10 அல்லது 10×12 அங்குலக் கேன்வாஸ் போர்டு வாங்கலாம். தச்சுப் பட்டறையில் மிஞ்சும் எம்.டி.எஃப். துண்டு இன்னும் மலிவு. அதன் மேல் அக்ரிலிக் ஜெஸ்ஸோ இரண்டு மூன்று பூச்சு, ஒன்றுக்கொன்று குறுக்காக அடித்து, இடையிடையே நைசான உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பின்பக்கமும் ஒரு பூச்சு கொடுத்தால் பலகை வளையாது. குறைந்தது ஒரு நாள் காயவிட்டுப் பயன்படுத்தலாம். பேலட்டுக்கு, சாம்பல் நிறத் தாளை அடியில் ஒட்டிய கண்ணாடித் துண்டே நன்றாக உழைக்கும். காய்ந்த வண்ணத்தைப் பிளேடால் சுரண்டிவிடலாம்.

இடமும் பாதுகாப்பும்

தனி அறை தேவையில்லை. ஜன்னலோரம் ஒரு சிறு மேசை, வேலை முடிந்ததும் எடுத்துவைக்கப் பரணோ அலமாரியோ இருந்தால் போதும். வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து வர வேண்டும். வடக்கு ஜன்னல் விரும்பப்படுவதற்குக் காரணம், அங்கு நேர்வெயில் குறைவாகவும் வெளிச்சம் ஒரே சீராகவும் இருப்பதுதான். இரவில் வரைவோர் மேசைக்கும் பொருளுக்கும் ஒரே வகை வெள்ளை எல்.இ.டி. விளக்கைப் பயன்படுத்த வேண்டும். மஞ்சள் பல்பின் கீழ் கலந்த நிறம் பகலில் வேறாகத் தெரியும்.

டர்பன்டைன் 30 முதல் 46 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே தீப்பற்றும் ஆவியை வெளியிடக்கூடியது. சித்திரை வெயிலில் அறையின் வெப்பம் இந்த அளவைத் தொட்டுவிடும். அடுப்பு, சாமி விளக்கு, ஊதுவத்தி ஆகியவற்றுக்குப் பக்கத்தில் அதைத் திறந்து வைக்கக் கூடாது. லின்சீட் எண்ணெய் படிந்த துணி இன்னும் ஆபத்தானது. உலரும் எண்ணெய் வெப்பத்தை வெளியிடும். துணியைக் கசக்கிக் குவித்து வைத்தால் அந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தானாகவே தீப்பிடிக்கும். துடைத்த துணியை விரித்து வெளியில் உலர்த்த வேண்டும். அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போட வேண்டும்.

கழுவிய டர்பன்டைனைத் தொட்டியில் கொட்டக் கூடாது. மூடிய பாட்டிலில் வைத்தால் வண்ணம் அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மறுபடி பயன்படுத்தலாம். காட்மியம் உள்ள வண்ணங்களைக் கையால் தொட்டுவிட்டுச் சாப்பிடுவதும், உலர்ந்ததை உப்புத்தாளால் தேய்த்துத் தூசியாக்குவதும் தவிர்க்க வேண்டியவை.

ஆஸ்துமா உள்ளவர்களும், மூடிய அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களும் டர்பன்டைனை அறவே விட்டுவிடலாம். வண்ணத்தை எண்ணெயின்றி மெல்லியதாகத் தேய்த்து அடி அடுக்கு போட முடியும். தூரிகையைச் செய்தித்தாளில் நன்கு துடைத்து, சமையல் எண்ணெயில் அலசி, பிறகு துணி துவைக்கும் கட்டிச் சோப்பால் உள்ளங்கையில் நுரைக்கத் தேய்த்துக் கழுவினால் போதும். தண்ணீரில் கரையும்படி செய்த எண்ணெய் வண்ணங்களும் கடைகளில் உள்ளன.

முதல் எட்டு வாரங்கள்

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, முக்கால் மணி நேரம் உட்கார முடிந்தவருக்கு இந்தத் திட்டம் பொருந்தும்.

*முதல் இரண்டு வாரம்: ஒரே வண்ணம்.* பர்ன்ட் அம்பர், வெள்ளை இரண்டு மட்டும். முதல் பொருள் மண்கலயமாக இருக்கட்டும். பளபளப்பு இல்லாததால் வெளிச்சத்திலிருந்து நிழலுக்கு மாறும் இடம் மென்மையாகத் தெரியும். அடுத்தது பித்தளைச் சொம்பு.

சொம்பை வெள்ளை வேட்டியின் மேல் வைத்து, பக்கவாட்டில் ஒரு ஜன்னலைத் தவிர மற்ற வெளிச்சத்தை அணைக்க வேண்டும். அம்பரை டர்பன்டைனில் கரைத்துப் பலகை முழுவதும் பூசி, பழைய பருத்தித் துணியால் துடைத்தால் நடுத்தரமான பழுப்புத் தளம் கிடைக்கும். அதன் மேல் முதலில் ஒரு செங்குத்துக் கோடு. சொம்பு அதன் இருபுறமும் சமமாக அமைய வேண்டும். வாய் வட்டம் மேலிருந்து பார்க்கும்போது நீள்வட்டமாகத் தெரியும். அடிப்பாகமும் நீள்வட்டம்தான், கண்மட்டத்துக்கு இன்னும் கீழே இருப்பதால், வாயைவிடச் சற்று அகன்று வளையும். வாயின் இரு ஓரங்களைக் கூர்மையாக முடிப்பதும் அடிப்பாகத்தை நேர்கோடாகப் போடுவதும் பழைய பழக்கத்தில் வரும் பிழைகள்.

பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டும். நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சம், நடுத்தரம், இருள் என்று மூன்று பகுதிகள் மட்டும் நிற்கும். வெளிச்சப் பகுதியைத் துணியால் துடைத்தெடுக்கலாம். இருளுக்கு அம்பரைக் கெட்டியாக வைக்கலாம். மிக இருண்ட இடங்கள் இரண்டே: வாயின் உட்புறம், சொம்பு துணியில் அமரும் இடம். நிழல் பக்கத்தின் ஓரத்தில் வேட்டியிலிருந்து எதிரொளித்த வெளிச்சம் இலேசாகத் தெரியும். அதை வெளிச்சப் பக்கத்தைவிடப் பிரகாசமாக்கிவிட்டால் உருண்டை வடிவம் குலையும். பளீரென்ற மின்னல் புள்ளியைக் கடைசியில், ஒரே தொடுதலில் வைத்துவிட்டுத் தூரிகையைக் கீழே வைத்துவிட வேண்டும். முடித்த பின் பொருளையும் படத்தையும் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்துப் பக்கம் பக்கமாக வைத்தால், எங்கே ஒளி அளவு தவறியது என்பது உடனே தெரியும்.

*மூன்று, நான்காம் வாரம்: குளிரும் வெதுப்பும்.* பர்ன்ட் அம்பரோடு அல்ட்ராமரினைச் சேர்த்தால் கறுப்புக்கு நிகரான இருள் வரும். வெள்ளை கலக்கக் கலக்க, நீலம் தூக்கலானால் குளிர்ந்த சாம்பல், அம்பர் தூக்கலானால் வெதுவெதுப்பான சாம்பல். பூண்டு, முட்டை, மடித்த வெள்ளைத் துணி ஆகியவற்றை இந்த மூன்றைக் கொண்டே வரையலாம். வெள்ளைப் பொருளில் எவ்வளவு வண்ணம் இருக்கிறது என்பது இந்தப் பயிற்சியில் பிடிபடும்.

*ஐந்து, ஆறாம் வாரம்: சுருக்கமான வண்ணத்தட்டு.* ஆறு வண்ணங்களையும் இப்போது எடுக்கலாம். தங்க நிற டியூப் இல்லாமலே பித்தளை வரும்: நடுத்தரத்துக்கு யெல்லோ ஆக்கர், நிழலுக்கு அம்பரும் சிறிது அல்ட்ராமரினும், வெளிச்சத்துக்கு வெள்ளையில் ஒரு துளி லெமன் யெல்லோ. வாழையிலை, கறிவேப்பிலைப் பச்சைக்கு அல்ட்ராமரினும் இரு மஞ்சள்களும் போதும். டியூபிலிருந்து வரும் பச்சையின் பச்சை வாடை இதில் இராது. சுவீடனின் ஆண்டர்ஸ் சோர்ன் (1860–1920) வெள்ளை, யெல்லோ ஆக்கர், வெர்மிலியன், கறுப்பு என்ற நான்கைக் கொண்டே மனித முகங்களை உயிரோடு தீட்டிக்காட்டியவர். இந்த நான்கு வண்ணத் தட்டு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

*ஏழு, எட்டாம் வாரம்: ஒரு படத்தை முடித்தல்.* முதல் அமர்வில் அம்பரில் அடிப்படம். இரண்டு மூன்று நாள் கழித்து வண்ணம். அது உலர்ந்ததும் சிறிது எண்ணெய் சேர்த்த மேல் அடுக்கு. இடையில் வேறொரு சிறு பலகையைத் தொடங்கி வைத்தால் காத்திருக்கும் நாள் வீணாகாது. எட்டு வாரத்தில் பாதியில் நிற்கும் பெரிய கேன்வாஸ் ஒன்றைவிட, முடித்த சிறு பலகைகள் பல இருப்பதே நல்ல கணக்கு.

நேரத்தைக் கண்டுபிடித்தல்

வேலைக்குப் போகிறவருக்கு எண்ணெய் வண்ணம் நினைப்பதைவிட இணக்கமானது. நீர்வண்ணத்தைப் பாதியில் விட்டு எழுந்தால் ஓரம் காய்ந்து கறை நிற்கும். எண்ணெயை இரவு விட்டுவிட்டு மறுநாள் அதே ஈரத்தில் தொடரலாம். பேலட்டில் மிஞ்சியதைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி, பஞ்சில் ஓரிரு சொட்டுக் கிராம்பு எண்ணெய் விட்டு உள்ளே வைத்தால் சில நாள் உலராமல் இருக்கும். அந்த எண்ணெயை வண்ணத்தில் நேரே கலக்க வேண்டாம். படம் உலர்வது வெகுவாகத் தாமதமாகும்.

பெரிய ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திருப்பதுதான் பலரை மீண்டும் விடவைக்கிறது. எதை வரைவது என்பதை முந்தைய நாளே முடிவு செய்து, பொருளை மேசையில் வைத்துவிட்டால், கிடைத்த நேரம் யோசனையில் கரையாது.

கண்ணும் கையும்

நாற்பது வயதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து ஓவியருக்குத் தனிச் சிக்கல். பேலட் ஒரு தூரத்திலும், பலகை இன்னொரு தூரத்திலும், பொருள் வேறொரு தூரத்திலும் இருக்கும். படிக்கும் கண்ணாடி பலகைக்குப் பொருந்தாது. கையை நீட்டிய தூரத்துக்கென்று ஒரு கண்ணாடி கேட்டு வாங்கிக்கொள்வது நல்ல வழி. நின்று வரைந்து, அடிக்கடி நாலடி பின்வாங்கிப் பார்ப்பது கண்ணுக்கும் முதுகுக்கும் படத்துக்கும் ஒருசேர நல்லது.

கண்புரை வளர்ந்தால் நிறங்கள் மஞ்சளும் பழுப்புமாகத் தெரியும். பிரான்சின் கிளாடு மோனே கண்புரையோடு வரைந்த ஆண்டுகளில் அவருடைய படங்களில் சிவப்பும் பழுப்பும் மிகுந்தன. 1923இல் அவர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நிறம் தெரிவதில் ஐயம் வந்தால் வண்ணத்தைக் குறைசொல்வதற்கு முன் கண் மருத்துவரைப் பார்ப்பது முறை. விரல் மூட்டு வலி உள்ளவர்கள் தூரிகைக் காம்பில் துணி அல்லது ஸ்பாஞ்ச் சுற்றித் தடிமனாக்கி, முழங்கையிலிருந்து கையை அசைத்து வரையலாம்.

அடிக்கடி நேரும் கோளாறுகள்

*நிறம் சேறாதல்:* மூன்றுக்கு மேற்பட்ட வண்ணங்களைக் கலப்பதும், ஈரமான இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்ப்பதும் காரணம். வைத்த தொடுதலை விட்டுவிட வேண்டும்; தவறினால் பேலட் நைஃபால் சுரண்டிவிட்டு மீண்டும் வைக்கலாம்.

*படம் சுண்ணாம்படித்தது போலிருத்தல்:* வெளிச்சம் வேண்டிய இடமெல்லாம் வெள்ளையைச் சேர்ப்பதால் வருவது. வெளிச்சப் பகுதியை வெள்ளையால் மட்டும் உயர்த்தாமல் மஞ்சளோ ஆக்கரோ சேர்த்து வெதுப்பாக்க வேண்டும்.

*திட்டுத் திட்டாக மங்குதல்:* அடிப்பரப்பு எண்ணெயை உறிஞ்சிவிடுவதால் நேர்வது. உலர்ந்த பின் அந்த இடத்தில் லின்சீட் எண்ணெயை மிக மெல்லியதாகத் தடவி, மிஞ்சியதைத் துடைத்துவிட்டால் நிறம் மீளும்.

*சுருக்கம் விழுதல்:* எண்ணெய் அதிகமாகக் கலந்த தடித்த பூச்சில் மேல்படலம் முதலில் உலர்வதால் வருவது. இதைச் சரிசெய்ய முடியாது. சுரண்டிவிட்டு மெல்லியதாகப் போட வேண்டும்.

பார்த்துக் கற்றல்

ராஜா ரவிவர்மா (1848–1906) திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் கற்ற விதம் திரும்பி வருவோருக்குப் பயன்படும். 1868இல் அங்கு வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் தாம் வரைவதைப் பார்க்க மட்டுமே இடம் கொடுத்தார் என்று ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. பார்த்ததைத் தானே செய்து பார்த்து, தவறித் திருத்தியே அவர் கற்றார்.

அச்சுப் படத்தில் தெரியாத அடுக்குகளை அசல் படத்தின் முன் நின்றால் காணலாம். ரவிவர்மாவின் எண்ணெய் ஓவியங்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்திலும் உள்ளன. பட்டுச் சேலையின் சரிகையை அருகே போய்ப் பார்த்தால், தூரத்தில் நூல் நூலாகத் தெரிந்தது சில தடித்த மஞ்சள் தொடுதல்களே என்பது விளங்கும். நவீன ஓவியம் பார்க்க, கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று 1966இல் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது.

ஆசிரியரைத் தேடுவோர், அவர் மாணவருடைய படத்தில் தாமே தூரிகை வைத்து முடித்துத்தருபவரா, பிழையைக் காட்டி விடுபவரா என்று ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சேரலாம். வீட்டுக்கு எடுத்துப்போக அழகான படம் முதல் வகையினரிடம் கிடைக்கும். கை வளர்வது இரண்டாம் வகையினரிடம்தான்.

முடித்த படத்தைப் பேணுதல்

கைக்கு ஒட்டாமல் போவதும் முழுதும் உலர்வதும் ஒன்றல்ல. மெல்லிய படத்துக்கு ஆறு மாதம், தடித்ததற்கு ஓராண்டு கழித்தே வார்னிஷ் அடிக்க வேண்டும். அதுவரை தூசி படாத, வெளிச்சம் வரும் இடத்தில் வைக்கலாம். இருட்டு அலமாரியில் பூட்டிவைத்தால் லின்சீட் எண்ணெய் மஞ்சளிக்கும். வெளிச்சத்துக்கு வந்ததும் அதில் பெரும்பகுதி தெளியும். ஆனால் நேர்வெயில் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் உலர்தல் தாமதமாகும். கேன்வாஸின் பின்பக்கம் பூஞ்சணமும் பிடிக்கும். ஓதம் ஏறும் சுவரில் படத்தை மாட்டக் கூடாது. மாட்டும் இடத்திலும் சட்டத்தின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றோட ஒரு விரல் இடைவெளி விட வேண்டும். எம்.டி.எஃப். பலகையைத் தரையில் சாய்த்து வைத்தால் கரையான் தேடி வரும். ஈரம் பட்டால் ஓரம் ஊதும்.

ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் முடித்த தேதி, பயன்படுத்திய வண்ணங்கள், கலந்த எண்ணெய் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும். வார்னிஷுக்கு நாள் பார்க்கவும், வெடிப்போ மங்கலோ வந்தால் காரணம் தேடவும் இந்தக் குறிப்பு தேவைப்படும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பலகைகளைத் தேதி வரிசையில் வைத்துப் பார்த்து, திரும்பத் திரும்ப வரும் ஒரு குறையை மட்டும் தேர்ந்து, அடுத்த ஆறு மாதப் பயிற்சியை அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளலாம்.